செருக்கு என்று எழுதிய துணி

கணவர் மறைந்த பின் நியூ ஜெர்சி வீட்டை விற்றுவிட்டு, கலிபோர்னியாவில் டப்ளினில் இருந்த மகனிடம் வந்து சேர்ந்தேன். வந்த மறுமாதமே, தன் நாட்டம் ஆண்கள்மீதுதான் என்று அவன் சொன்னான். அப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. நான் அழவில்லை, ஏசவுமில்லை. பூசையறைக்குள் சென்று அன்றைய பதிகத்தைப் பாடி முடித்தேன். அதன்பின் ஓராண்டு, உப்புப் போதுமா, மருந்து தீர்ந்துவிட்டதா என்பதற்கு மேல் எங்களிடையே பேச்சில்லை. மௌனமும் உடம்பைக் களைக்கச் செய்யும் என்பதை அந்த ஓராண்டில் அறிந்தேன்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவன் கராஜில் வெள்ளைத் துணியொன்றை விரித்திருந்தான். மறுநாள் சான் பிரான்சிஸ்கோவில் அவனைப் போன்றவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் ஊர்வலம். ஒரே சொல்லை ஆளுக்கொரு மொழியில் எழுதி ஏந்துவதென்று நண்பர்கள் முடிவு செய்திருந்தார்களாம்.

"அம்மா, ப்ரைடுக்குத் தமிழ்ல என்ன?"

"செருக்கு" என்றேன்.

வாய் தவறி வந்த சொல் அன்று அது. செருக்கை அறுத்தருள் என்று அறுபது ஆண்டுகளாக இறைவனிடம் பாடி வருபவள் நான். அச்சொல்லின் கசப்பு முழுவதையும் அறிந்தே சொன்னேன். ஓராண்டாக அடக்கி வைத்திருந்த ஏச்சு அது. அவனுக்குப் புரியாது என்பதில் கீழ்மையான ஒரு நிம்மதியும் இருந்தது.

கறுப்புப் பெயின்ட்டில் எழுதத் தொடங்கியவன், 'ரு'வின் சுழியில் தடுமாறினான்.

"மூணாங்கிளாஸ் பையன் எழுதின மாதிரி இருக்கு."

"நான் மூணாங்கிளாஸ்தாம்மா. அதோட ப்ளேன்ல ஏத்திட்டீங்களே."

இருவரும் சிரித்துவிட்டோம். அந்த ஓராண்டில் அதுவே முதல் முறை. சிரித்த பிறகுதான் அந்தச் சொல் என்னை உறுத்தத் தொடங்கியது.

"இதெல்லாம் எப்படிடா ஆரம்பிச்சுது?"

"நியூயார்க்ல எங்கள மாதிரி ஆளுங்க கூடுற ஒரு பார்ல. போலீஸ் அடிக்கடி ரெய்டு பண்ணுவாங்க. இவங்க தலையக் குனிஞ்சுட்டு வேன்ல ஏறிடுவாங்க. ஒரு தடவை ஏற மாட்டோம்னு நின்னுட்டாங்க. பெரிய சண்டை. அடுத்த வருஷம் அதே சமயத்துல ரோட்ல நடந்தாங்க. அடிப்பாங்களோன்னு பயம். அதனால கிட்டத்தட்ட ஓடினாங்களாம்."

"பயந்து ஓடினவங்களுக்கு என்னடா ப்ரைடு?"

"பயந்துட்டே வந்தாங்க இல்ல? அதாம்மா."

கோயிலுக்குள் வர இயலாதவர்க்காகவே சுவாமி வீதிக்கு எழுந்தருளுகிறார் என்று நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். உள்ளே இடமில்லாமல் தாமே வீதிக்கு வந்தவர்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

"அந்த வார்த்தை தப்புடா" என்றேன்.

தூரிகை நின்றது. "தெரியும்மா. அப்பாவோட டிக்‌ஷனரியில முன்னாடியே பாத்துட்டேன். ரெண்டு மூணு வார்த்தை போட்டிருந்துது. நீ எதைச் சொல்றேன்னு பாக்கத்தான் கேட்டேன்."

"அப்புறம் ஏன் எழுதினே?"

"ஒரு வருஷமா நீ ஒண்ணுமே சொல்லல. இதையாவது சொன்னியே."

சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் அமர்ந்தேன். பெயின்ட் காயக் காத்திருந்தோம். பின்பு துணியைத் திருப்பிப் போடச் சொல்லி, தூரிகையை வாங்கி, மறுபக்கத்தில் 'பெருமிதம்' என்று எழுதினேன். அஞ்சாமையிலிருந்தும் பிறக்கும் உணர்வு அது என்று பழைய இலக்கணம் சொல்லும். அதை நான் படித்திருக்கிறேன். கேட்ட கணத்தில் சொல்லியிருக்கவும் முடியும்.

"வேற துணி எடுத்துக்கோயேன். பின்னாடி அது தெரியுமே."

"இருக்கட்டும்மா. ரெண்டும் நீ சொன்னதுதானே. நாளைக்கு வர்றியா?"

"முட்டி வலிக்குதுடா."

வலி உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று.

ஞாயிறு காலை, நான் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தோடும் அத்துணியோடும் அவன் ரயிலுக்குப் புறப்பட்டான். எதிரே நிற்பவர்கள் பெருமிதத்தைப் படிப்பார்கள். ஏந்தி நடப்பவன் கண்முன்னே வழியெல்லாம் செருக்கு இருக்கும். பூசையறையில் பதிகத்தைப் பிரித்தேன். அன்று எனக்குப் பாட வரவில்லை.