புறப்பாட்டுத் தெருவில் வந்த கட்டில்

எங்கள் தெரு வழியாக ஆம்புலன்ஸ் ஒலியெழுப்பிக்கொண்டு போகும்போதெல்லாம் நான் எழுந்து நின்று கைகூப்புகிறேன். உள்ளே இருக்கும் உயிருக்காக இந்த அம்மாள் வேண்டிக்கொள்கிறார் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். வேண்டுதல் பாதிதான், மீதி வெட்கம்.

எனக்கு அப்போது பத்து வயது. மயிலாடுதுறைக்குக் கிழக்கே எங்கள் ஊர். அப்பா கோயில் தர்மகர்த்தா. பதிகங்கள் பலவற்றை நான் ஏடு பாராமல் பாடுவேன்; அதைவிடச் சரளமாக, எது மடி, எது தீட்டு என்று பிறரைத் திருத்துவேன்.

கார்த்திகைச் சோமவாரம். மழை விட்டிருந்த பிற்பகல். சுவாமி புறப்பாட்டுக்காகத் தெரு முழுவதும் மாக்கோலம் இட்டிருந்தார்கள். மாடுகள் மிதித்துவிடாதபடி தெருமுனையில் மூங்கில் படலைச் சாத்தி, என்னைக் காவல் வைத்துவிட்டுப் பெண்கள் குளிக்கப் போனார்கள்.

அப்போது வயல்பக்கமிருந்து நால்வர் ஒரு கயிற்றுக் கட்டிலைத் தோளில் சுமந்து வந்தார்கள். மேலே வேட்டி போர்த்தியிருந்தது. சவம் என்றே முடிவு செய்தேன்.

“பொணத்த இந்தத் தெருவுல கொண்டுபோகக் கூடாது!”

முன்னால் சுமந்தவர் எங்கள் வயலில் வேலை செய்பவர். மூச்சிரைக்க, “பொணம் இல்லீங்க பாப்பா, எம் பொஞ்சாதி. நேத்துலேந்து வலி, புள்ள வரமாட்டேங்குது. ஆஸ்பத்திரி ஜீப்பு சேத்துல உள்ள வரமுடியாம கடைத்தெருவுல நிக்குது. படலத் தொறங்க” என்றார்.

வேட்டிக்குள்ளிருந்து ஒரு கை வெளிவந்து கட்டில் சட்டத்தைப் பற்றியது. பார்த்தேன். பார்த்த பின்னும் சொன்னேன்: “அதுவும் தீட்டுதான். சாமி வர்ற தெரு.”

“சாமிக்குத்தான் பெத்தவ இல்ல. இந்தப் பாப்பாவுக்குமா இல்ல?” என்றார் பின்னால் சுமந்தவர்.

“வாய மூடுறா” என்று கணவர் அவரை அடக்கினார்.

காலால் ஒரு தள்ளு தள்ளினால் விழுந்துவிடும் படல் அது. அவர்கள் தள்ளவில்லை, கட்டில் திரும்பியது. கடைத்தெருவுக்கு எங்கள் தெரு வழியே ஐந்து நிமிட நடை. வாய்க்கால் கரையின் முழங்கால் சேற்றில் ஒரு மணி நேரம் ஆயிற்றென்று பின்னர் அறிந்தேன்.

அன்று மாலை, இறைவன் தாயினும் மேலாக இரங்குவதைச் சொல்லும் பதிகத்தைச் சுவாமி முன் நின்று ஓரடி பிசகாமல் பாடினேன். சித்தப்பா கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த மனிதர் எங்கள் கொல்லைப்புறத்தில் வந்து நின்றார். வாய்க்கால் கரையிலேயே பிறந்த குழந்தை பிழைத்துக்கொண்டது. தாய்க்கு உதிரம் நிற்கவில்லை. ஜீப்பை எட்டுவதற்குள் போய்விட்டாள்.

“பதட்டத்துல தெருப்பக்கம் கட்டிலோட வந்துட்டேங்க. தப்புதாங்க, மன்னிச்சுக்கங்க” என்றார் அப்பாவிடம்.

“சரி, போ. தெரியாமத்தானே வந்தே” என்றார் அப்பா, பெருந்தன்மையோடு.

நான் சொன்னதை அவர் சொல்லிவிடுவாரோ என்று கதவுக்குப் பின்னே ஒளிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொல்லவில்லை. தப்பித்தேன் என்று பூசையறைக்கு ஓடி விழுந்து வணங்கினேன். மனைவியைப் பறிகொடுத்தவர் எங்களிடம் எதற்காக மன்னிப்புக் கேட்டார் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை.