கணையத்துக்குப் போய் வந்த நாள்

பதினொரு வயதிலிருந்து ஊசி போட்டுக்கொள்கிறவள் நான். என் கணையம் இன்சுலின் சுரப்பதை அப்போதே நிறுத்திவிட்டது. முப்பத்தைந்தைத் தாண்டியதும் இன்னொரு கொடுமை. சர்க்கரை இறங்குவதே எனக்குத் தெரியாமல் போனது. வேர்க்காது, நடுங்காது, வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே சாய்ந்துவிடுவேன். ஒருமுறை மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நின்றபடி விழுந்தேன். அடுத்த தடவை விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்றார் டாக்டர். இறந்தவர் ஒருவரின் கணையத்தை எனக்கு வைக்கலாம் என்று பெயர் பதிந்துகொண்டார்கள்.

"கணையமா? அது எங்கடி இருக்கு?" என்று செல்லூரில் எங்கள் சந்தே கேட்டது. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

ஒரு வருடம் போனது. ஒரு மத்தியானம் ஊசி போட்டுவிட்டுச் சோற்றில் கை வைக்கப் போனேன், போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்.

"கணையம் கிடைக்கும்போல இருக்குக்கா. சாப்பிடாம உடனே வாங்க."

"ஐயோ, ஊசி போட்டுட்டேனே! சாப்பிடலன்னா சர்க்கரை இறங்கிடுமே!"

"சர்க்கரைய மட்டும் வாயில போட்டுக்கிட்டு வாங்க. இங்க குளுக்கோஸ் ஏத்திக்கலாம்."

அம்மா சர்க்கரை டப்பாவோடு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "நல்ல சேதிக்குச் சர்க்கரை போடணும்பாங்க. ஆஸ்பத்திரிக்காரங்களே போடச் சொல்றாங்க பாரு!"

"யார் வீட்டுலயோ இழவு விழுந்திருக்கு. உனக்கு இது நல்ல சேதியாம்மா?"

அவள் முகம் சுருங்கிப்போனது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். அதனால் என்மேலேயே வந்த ஆத்திரத்தைத்தான் அவள்மேல் கொட்டினேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் டாக்டர் வந்தார். "கணையத்துல கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. வச்சா வேலை செய்யாது. வீட்டுக்குப் போங்க."

"யாரு டாக்டர் அவங்க?"

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் அம்மா கதவைத் திறந்தாள். நான் வாசல் குழாயடியிலேயே நின்றுவிட்டேன்.

"உள்ள வாடி."

"குளிச்சிட்டு வாரேன். இழவுக்குப் போயிட்டு அப்படியே உள்ள வரலாமா?"

"யாருன்னே தெரியாதேடி."

"தெரியாட்டி என்ன?"

அம்மா வாசலுக்குத் திரும்பி வந்தாள். பிறகு வாளியை நிரப்பி என் தலையில் ஊற்றினாள். தன் தலையிலும் ஊற்றிக்கொண்டாள். ஈரத்தோடு நின்று மெதுவாகக் கேட்டாள்.

"மறுபடி கூப்பிடுவாங்களாடி?"

"கூப்பிடணும்மா" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது. அழுதுவிட்டேன்.