துவக்குக்குத் தகுதியான ஆள்

"உமக்கு எப்போதாவது சித்தப்பிரமை பிடித்ததுண்டா?"

அண்மையில் ஒரு அரசாங்கக் கந்தோரில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கிளாக்கர் இந்தப் பக்கம் நின்ற மனிதரிடம் கேட்ட கேள்வி இது. நின்றவர் உருத்திரபுரத்து மார்க்கண்டு. துணைக்கு நின்றவன் நான். இந்தப் பக்கத்திலும் உட்கார ஒரு கதிரை இருந்தது... அதில் கிளாக்கரின் குடை இருந்தது.

மார்க்கண்டு யோசித்தார். எதையும் யோசித்து, உள்ளதைச் சொல்கிற மனுசன்.

"கரவெட்டியில கல்வீட்டை விட்டிட்டு இஞ்ச காடு வெட்ட வந்தனான் ஐயா. அதையும் சேர்க்கிறதெண்டால்... ஓம்."

கிளாக்கர் சிரிக்கவில்லை. 'இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

மார்க்கண்டு கேட்டது ஒரு துவக்கு லைசன்ஸ். வேட்டைக்கல்ல, வீரத்துக்குமல்ல. வயலை அழிக்கிற காட்டுப்பண்டியைச் சுட. அவருடைய வயல் குடியேற்றத்தின் கடைசித் துண்டு. வேலிக்கு அப்பால் காடு. நெல் பால் பிடிக்கிற நேரம் பார்த்துப் பண்டி குடும்பத்தோடு வரும். போன காலபோகத்தில் பாதி வயலை உழுதுவிட்டுப் போனது. தகரம் அடித்துப் பார்த்தார், தீ மூட்டிப் பார்த்தார். இந்தமுறையும் விளைச்சல் போனால், பெட்டியைக் கட்டிக்கொண்டு யாழ்ப்பாணம், கரவெட்டிக்கே திரும்புவதாகப் பெண்சாதிக்குச் சொல்லிவிட்டார். காணியைச் சும்மா போட்டால் அரசாங்கம் பெர்மிட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். ஆக, ஒரு துவக்கில்தான் அந்தக் குடும்பத்தின் இருப்பும் போக்கும் தொங்கியது.

கேள்விகள் தொடர்ந்தன. மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணியதுண்டா? குடிப்பதுண்டா? காணி உமது சொந்தமா?

"பெர்மிட் காணி ஐயா."

"அப்போ சொந்தமில்லை."

"பண்டி அப்பிடி நினைக்கேல்லை ஐயா. என்ரை எண்டுதான் வருது."

"பண்டி வந்ததுக்குச் சாட்சி உண்டா?"

இந்தக் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? பண்டியிடம் ஒரு கையெழுத்து வாங்கி வைத்திருக்கலாம் என்று எனக்கு அப்போதுதான் புத்தி வந்தது.

அந்த நேரம் வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் வாய்க்கால் கட்டுகிற கொந்தராத்துக்காரர். குடை கதிரையை விட்டு எழும்பியது, கொந்தராத்துக்காரர் இருந்தார். அவருக்கும் துவக்கு லைசன்ஸ்தான் வேண்டும். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இது இரண்டாவது. ஒரு திருவிழாவில், குடிவெறியில், கோபுரத்துப் புறாவுக்கு வைத்த வெடியில் துவாரபாலகர் ஒருவரின் காதைப் பெயர்த்தவர் இவர். அந்தக் காது இன்னும் ஒட்டப்படவில்லை. ஊரறிந்த கதை.

அவரிடம் சித்தப்பிரமை பற்றிக் கேட்டார்களா? "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டார்கள்.

நீதி தவறக்கூடாது பாருங்கள் — இருவரைப் பற்றியும் பொலிஸ் ஊரில் விசாரிக்கும் என்று கிளாக்கர் சொன்னார். ஆள் நல்லவரா, கெட்டவரா, ஊரார் வாயாலேயே அறிவார்களாம். நல்ல ஏற்பாடு என்றே நானும் நினைத்தேன். மார்க்கண்டுவைப் பற்றிக் குறை சொல்ல உருத்திரபுரத்தில் ஒரு நாக்கும் இல்லையே.

சில கிழமை கழித்து முடிவு கேட்கப் போனோம். வயலில் கதிர் வந்துவிட்டிருந்தது. மார்க்கண்டு வழியெல்லாம் துவக்கை எங்கே வைப்பது, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் அலுமாரிக்கு மேலே வைப்பதா என்று கதைத்துக்கொண்டு வந்தார்.

"நிராகரிக்கப்பட்டது" என்றார் கிளாக்கர்.

"ஏன் ஐயா?"

"அந்தப் பெயரில் அங்கே ஒருவரும் இல்லை. இருந்தவரும் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார். அதோடு, துவக்குச் சத்தம் கேட்டாலே மயங்கி விழுகிற ஆளாம்."

"நான்தானே ஐயா இஞ்ச நிக்கிறன்."

"நீர் நிற்கிறீர். விசாரணையில் இல்லை."

இதற்குமேல் எதைக் கதைப்பது? நேரே உருத்திரபுரத்துக்குச் சைக்கிளைத் திருப்பினோம். இந்த மூன்று முத்துக்களையும் உதிர்த்தவர்கள் யார் என்று அறியவேண்டும் எனக்கு.

முதல் முத்து பக்கத்து வளவு அன்னம்மாக்காவுடையது. மார்க்கண்டுவின் பிள்ளைகள் பாதி நாள் சாப்பிடுவது அவாவின் குசினியில்தான்.

"ஓம், நான்தான் சொன்னனான்" என்றா. முகத்தில் என்ன பெருமை. "காக்கிச்சட்டை ஒண்டு சைக்கிளில வந்து, ஒரு காலை நிலத்தில ஊன்றிக்கொண்டு, 'மார்க்கண்டு எண்டவன் ஆர்?' எண்டு கேட்டுது. ஏன் எதுக்கெண்டு சொல்லேல்லை. அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லையெண்டு அடிச்சுச் சொல்லிப்போட்டன். தம்பிக்கு ஒண்டும் வராது. பயப்பிடாதை."

குடியேற்றத்தில் இது சட்டம். காக்கிச்சட்டை வருவதென்றால் காட்டில் மரம் தறித்ததற்கு, கசிப்புக் காய்ச்சியதற்கு, அல்லது பழைய வழக்கொன்றின் பிடியாணைக்கு. காக்கி கேட்கிற பெயரை எவரும் அறியமாட்டார்கள். பெற்ற தாயே அறியமாட்டாள்.

இரண்டாவது முத்து கூட்டாளி செல்லையாவுடையது. "அவன் அப்பாவி, துவக்குச் சத்தம் கேட்டாலே விழுந்திடுவான் எண்டு சொன்னனான். எங்கையோ வெடி விழுந்த கேசாக்கும், இவனை மாட்டப்போறாங்கள் எண்டு நினைச்சன்... பிழையோ?"

"சரி, ஆள் யாழ்ப்பாணம் போய்விட்டார் என்று சொன்னது ஆர்?" என்று கேட்டேன்.

மார்க்கண்டு வேலிக் கதியாலில் எதையோ சுரண்டிக்கொண்டு நின்றார்.

"நான்தான்" என்றார்.

வாய்க்காலில் வரம்பு கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். முழங்கால்வரை சேறு. பொலிஸ்காரர் அவரிடமே, "மார்க்கண்டு எண்டவனைத் தெரியுமோ?" என்று கேட்டிருக்கிறார். லைசன்ஸுக்கு மனுக்கொடுத்தது, விசாரணைக்கு வருவார்கள் என்று கிளாக்கர் சொன்னது — எல்லாம் தெரிந்த மனுசன். ஆனால் காக்கியைக் கண்டதும் நாக்கு ஆளை முந்திவிட்டது.

"'அவர் யாழ்ப்பாணம் போட்டார் ஐயா' எண்டு சொல்லிப்போட்டன். சொன்னாப்பிறகுதான் எனக்கே விளங்கினது. கூப்பிட்டனான், அதுக்குள்ள சைக்கிள் போட்டுது."

அன்னம்மாக்கா தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டா. "எட பாவி, நீயே உன்னை ஒளிச்சிட்டியோ?"

நான் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஊருக்குள் இறங்கி ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல், வந்த காரணத்தையும் சொல்லாமல், சீட்டிலிருந்து இறங்காமலே ஒரு மனிதனின் குணத்தை அளக்க வந்தாரே ஒருவர்... அவரை நினைத்துத்தான் சிரிப்பு வந்தது. எதிரே சேற்றில் நிற்பவர் யார் என்றுகூடக் கேட்கத் தோன்றாத விசாரணை அது.

கொந்தராத்துக்காரரை விசாரித்தபோது இதே ஊர் என்ன சொன்னதென்று நினைக்கிறீர்கள்? "தங்கமான மனுசன்." அன்னம்மாக்காவும் அதைத்தான் சொன்னாவாம்.

"வேறை என்னத்தைச் சொல்லுறது ராசா? அந்தாளிட்டைத் துவக்கெல்லோ இருக்கு."

இதுதான் அய்யாமாரே உங்கள் விசாரணை. ஊர் விரும்புகிறவனை ஊர் ஒளித்துவைக்கும். ஊர் பயப்படுகிறவனுக்கு நற்சான்று கொடுக்கும். இரண்டையும் எழுதிக்கொண்டு போய், பயமுறுத்தத் தெரிந்தவன் கையில் துவக்கைக் கொடுப்பீர்கள். அந்தத் துவாரபாலகரின் மற்றக் காதும் இனி எத்தனை நாளைக்கு?

மறுபடி மனுக்கொடுத்தோம். கிளாக்கர் மறுபடி சித்தப்பிரமை பற்றிக் கேட்டார். இந்தமுறை மார்க்கண்டு யோசிக்கவே இல்லை, "ஓம்" என்றார். வெளியே இழுத்துவந்து, புத்தி சொல்லி, திரும்ப உள்ளே அனுப்பினேன்.

அந்த மனு இன்னும் கந்தோரில் கிடக்கிறது. நேற்று வயலைப் போய்ப் பார்த்தேன். வரம்பில் நின்று பார்த்தால் நெல் எது, சேறு எது என்று தெரியவில்லை. மார்க்கண்டு பெட்டியை இன்னும் கட்டவில்லை. அன்னம்மாக்கா பெட்டி கட்டுகிற கயிற்றை எடுத்து ஒளித்துவிட்டாவாம்.

பொலிஸால் கண்டுபிடிக்க முடியாத அந்த விலாசத்தை, ஒருவரிடமும் விசாரிக்காமல் கண்டுபிடித்திருக்கிறது பண்டி.