நிர்மலா டீச்சர் வாங்காத போன்

முத்தியால்பேட்டையில் என் தையல் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது, டீச்சரிடம் படித்த நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நிர்மலா டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பத்து மூன்று வயது. என்னைவிட இரண்டு வயது சிறியவர்.

அவரிடம் ஆங்கிலம் படித்த உங்களுக்கு முதல் நாள் மறந்திருக்காது. இலக்கணம் நடத்துவார் என்று புது நோட்டோடு அவருடைய ரெட்டியார்பாளையம் வீட்டுக்குப் போனேன். "நேத்து என்ன சமைச்சீங்க? இங்கிலீஷ்ல சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். நான் நோட்டைத் திறந்து திறந்து மூடினேன். "தப்பாவே சொல்லுங்க ஷகிலா. திருத்தத்தான் நான் இருக்கேன்" என்றார்.

மூன்றாவது மாதம், வகுப்பின் நடுவே வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு. என் கணவர் அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். பேசியது ஆஸ்பத்திரி நர்ஸ். வேகமான ஆங்கிலத்தில் 'ஆக்சிடென்ட்' மட்டும் புரிந்தது. போனை டீச்சரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஸ்பீக்கரை அழுத்தினார்.

"நீங்களே கேளுங்க. பக்கத்துலதான இருக்கேன்."

"ஹஸ்பண்ட் அலைவ்?" என்று கத்தினேன். உயிரோடு இருக்கிறார், கால் முறிந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் என்றாள் நர்ஸ். அவள் போனை வைக்கப் போகும்போதுதான் நினைவு வந்தது. முன்பொரு முறை பென்சிலின் ஊசி போட்டு என் கணவருக்கு முகம் வீங்கி மூச்சடைத்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது?

"பென்சிலின் நோ! ஃபேஸ் பிக்! ப்ரீத் நோ!"

நான் சொன்னதையே அவள் நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னாள். "யெஸ், யெஸ்" என்று அழுதேன்.

கணவர் பிழைத்துக்கொண்டார். நான் இரண்டு வாரம் வகுப்புக்குப் போகவில்லை. பிறகு போனது சண்டை போடத்தான். "என் வூட்டுக்காரர் உசுருதான் உங்களுக்குப் பாடமா கெடைச்சுதா?"

டீச்சர் முகம் வெளுத்தது. "நீங்க பேச முடியாம நின்னிருந்தா அந்த நிமிஷமே போனை வாங்கியிருப்பேன். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நான் பேசியிருந்தா அந்த நர்ஸம்மா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லியிருப்பேன். ஊசி விஷயம் எனக்குத் தெரியாதே."

அன்று அவர் செய்தது சரியா என்று இப்போதும் யோசிக்கிறேன். ஆனால் மறுநாளிலிருந்து வகுப்பைத் தவறவிடவில்லை.

அடக்கத்துக்கு பிரான்சிலிருந்து டீச்சரின் அண்ணன் மகள் வந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அத்தை எப்படிப்பட்டவர் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சுற்றி இருந்த சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து அரைமணி நேரம் சொன்னேன். எத்தனை பிழையோ, அவள் என் கையை விடாமல் கேட்டாள்.

எனக்காகப் பேச இன்னொருவரைத் தேடாத இந்த வாய்தான், டீச்சர் என்னிடம் விட்டுப்போனது.