ரத்தினவேலின் எரிகல் அறிவிப்புகள்

அன்னவாசலுக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரில் மிளகாய் காயப்போடுகிறவர்கள் டிவியில் வானிலை அறிக்கை பார்ப்பதில்லை. டீக்கடைக் கரும்பலகையைப் பார்ப்பார்கள். அதில் ரத்தினவேல் ஏதாவது எழுதியிருந்தால் சாக்கை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடுவார்கள்.

ரத்தினவேல் அரசாங்க மழைமானியில் முப்பத்தொரு வருடம் அளவெடுத்தவர். காலை எட்டரைக்கு மானியைத் திறந்து, மில்லிமீட்டரைப் படித்து, பதிவேட்டில் எழுதுவது வேலை. 2014 மே மாதம் ஓய்வுபெற்ற பிறகும் மொட்டைமாடியில் சொந்தமாக ஒரு மானி வைத்துக்கொண்டார். இத்தனை வருடம் மேலிருந்து விழுந்ததைத்தான் அளந்தோம், மேலே இருப்பதை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்கவில்லையே என்று தோன்றியது அப்போதுதான். நூறு பக்க நோட்டு வாங்கி நான்கு கட்டம் போட்டார்: அறிவித்த தேதி, நிகழ்ச்சி, நேரம், கண்டது. அறிவிக்காமல் பார்ப்பது பதிவில் சேராது என்பது அவரே வைத்துக்கொண்ட விதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பே பலகையில் எழுதிவிடுவார்: 'ஆகஸ்ட் 12 இரவு எரிகல் பொழிவு. மொட்டைப் பாறையில் பார்க்கலாம். அனைவரும் வருக.'

பதினோரு வருடத்தில் இருபத்து மூன்று அறிவிப்புகள். 'கண்டது' என்ற கட்டத்தில் பதினேழு இடத்தில் 'மழை'. நான்கு இடத்தில் 'மேகம்'. ஒன்றில் 'காய்ச்சல்', ஒன்றில் 'கோயில் திருவிழா, சீரியல் லைட்'. ஓர் எரிகல்கூட இல்லை.

அவர் பலகையில் எழுதினால் மழை வரும் என்பதை ஊர் அவருக்கு முன்பே கவனித்துவிட்டது. மூடநம்பிக்கை என்று அவர் கோபப்பட்டார். நிரூபிக்கிறேன் பாருங்கள் என்று நோட்டைக் கொண்டுவந்து டீக்கடையில் விரித்தார். விரித்த பிறகுதான் அது ஊர்க்காரர்கள் பக்கம் சாட்சி சொல்வது தெரிந்தது.

இந்த வருடம் கார்த்திகை பிறந்ததும் மழை நின்றுபோனது. கண்மாய்த் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் இருளாண்டி தேடி வந்தார். இரண்டு ஏக்கர் நெல், கதிர் பால் பிடிக்கிற சமயம்.

"சார், இந்த மாசம் மேல ஒண்ணும் இல்லையா?"

"எதுக்குக் கேக்குற?"

"சும்மா பலகையில போட்டு விடுங்க சார். ஒரு மழை போதும், பயிரு தப்பிச்சுக்கிரும்."

"நான் என்ன வருண பகவானா?"

"அவருக்குப் பொங்கல் வச்சாச்சு சார். அவரு பலகையில எழுத மாட்டேங்கிறாரே."

டிசம்பர் 14தான் வருடத்திலேயே பெரிய பொழிவு. அறுபத்தொன்பது வயதில் ஒரு டிசம்பரைத் தள்ளிப்போட ரத்தினவேலுக்குத் துணிவில்லை. இந்த நம்பிக்கையெல்லாம் பொய் என்றுதான் மனைவி அமுதவல்லியிடம் சொன்னார். ஆனால் பலகைப் பக்கம் மட்டும் போகவில்லை.

14ஆம் தேதி இரவு டார்ச்சோடு போய், பாறையில் பாய் விரித்து 11.10 முதல் 12.20 வரை படுத்திருந்தார். ஒரு திட்டு மேகம் கிடையாது. முப்பத்தேழு எரிகற்கள். ஒன்று பச்சையாகக் கிளம்பி, பாதி வானத்தில் இரண்டாகப் பிரிந்தது. "அடேயப்பா" என்று வாய்விட்டுச் சொன்னார், கேட்க ஆளில்லை.

விடிந்ததும் நோட்டைத் திறந்தார். முதல் கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை. ஒருநாளும் முன்தேதியிட்டு எழுதியறியாதவர், பேனாவை மூடிவிட்டார்.

"எத்தனை பாத்தீங்க?" என்றார் அமுதவல்லி, காப்பியை வைத்துக்கொண்டே.

"முப்பத்தேழு."

"எழுதலையா?"

"எழுத வழியில்ல."

"இருளாண்டி வயலு வெடிச்சுக் கெடக்காம். அதையாச்சும் போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். வெடிப்பில் ஆள்காட்டி விரலை விட்டார்; இரண்டாம் கணு வரை இறங்கியது. நேராக டீக்கடைக்கு வந்து சாக்பீஸ் வாங்கினார். டிசம்பர் 22க்கு இன்னொரு பொழிவு உண்டு. அது வடகோடியில் விழுவது. புதுக்கோட்டைப் பக்கம் மணிக்கு ஒன்று தெரிந்தாலே அதிசயம். தெரிந்துதான் எழுதினார், கொட்டை எழுத்தில்: 'அனைவரும் வருக.'

22ஆம் தேதி மதியம் மூன்றுக்கு நார்த்தாமலைப் பக்கம் கறுத்தது. களத்தில் சாக்குகள் ஓடின. மறுநாள் எட்டரைக்கு மானியில் 41.2 மில்லிமீட்டர். இருபத்து நான்காம் வரியில் 'மழை' என்று எழுதி, மை காயும்வரை ஊதினார்.

டீக்கடையில் இருளாண்டி இரண்டு டீ சொல்லி வைத்திருந்தார்.

"சார், தையில அறுப்பு. அதுவரைக்கும் மேல ஒண்ணும் பாத்துறாதீங்க."

"எழுத மாட்டேன்ப்பா" என்றார் ரத்தினவேல்.

திரும்பும்போது டார்ச்சுக்குப் புதிதாக இரண்டு பேட்டரி வாங்கிக்கொண்டார்.