கழுத்து நோகிறது என்று விழச் சொன்னார்கள்

1. ஐந்து மீட்டர்

ரக்பி ஆட்டம் முடிய ஆறு நிமிடம். நாங்கள் நான்கு புள்ளி முன்னால். எங்கள் கோல் கோட்டிலிருந்து ஐந்து மீட்டரில் எதிரணிக்கு ஸ்க்ரம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டும்.

நான் டைட்ஹெட் ப்ராப், மூன்றாம் எண். இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து முட்டும்போது முன்வரிசையின் வலது முனையில் நிற்பவன். பின்னாலிருந்து தள்ளும் எடை என் கழுத்து வழியாகத்தான் போகும். எதிரே ஜோர்ஜியாக்காரன் ஒருவன், அன்று முழுக்க என்னைப் பின்னுக்கே தள்ளிக்கொண்டிருந்தான்.

நான் இயல்பிலேயே பயந்தவன். காலையில் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் கட்டிலை விட்டு இறங்குவேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். ஜெர்மனியில் அவுஸ்பில்டுங் என்று சொல்லும் தொழிற்பயிற்சியும் முடிக்கவில்லை. தெரிந்தது இந்தத் தள்ளு ஒன்றுதான். அடுத்த இரண்டு வருட ஒப்பந்தம் பயிற்சியாளரின் மேசையில், கையெழுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

2. தண்ணீர்ப் போத்தல்

ஒருவன் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்த இடைவெளியில் காயம் பார்க்கும் எங்கள் பிசியோ கௌரி அக்கா தண்ணீரோடு ஓடி வந்தார். எசன் நகரில் வளர்ந்த யாழ்ப்பாணத்து ஆள். நடுவர் பக்கத்திலேயே நின்றார். அக்கா தமிழில் பேசினார்.

"தம்பி, கோச் உன்னைக் கழுத்தைப் பிடிச்சுக்கொண்டு விழட்டாம்."

"என்னக்கா?"

"தண்ணியைக் குடிச்சுக்கொண்டு கேள். நடுவருக்கு விளங்காது, தமிழில சொல்லு எண்டு அவர்தான் விட்டவர்."

கணக்கு எனக்கும் விளங்கியது. முன்வரிசையில் பழகாதவனை ஸ்க்ரமில் நிறுத்த விதி இடம் தராது. எங்கள் மாற்று ப்ராப்கள் எல்லாரும் ஏற்கெனவே காயப்பட்டு வெளியே. நானும் போனால் தள்ளாத ஸ்க்ரம்தான், வெறுமனே முட்டிக்கொண்டு நிற்க வேண்டியது. எங்களுக்கு ஓராள் குறையும். ஆனால் ஜோர்ஜியாக்காரனின் பலம் வீண்.

"நீங்கள் என்ன சொல்லுறியள் அக்கா?"

"விழுந்தா நான் கழுத்தைப் பாத்து அறிக்கை எழுத வேணும். எழுதச் சொன்னா எழுதுவன். எனக்கும் வேலை வேணும்." போத்தலைப் பிடுங்கிக்கொண்டார். "ஆனா நீ விழாட்டி எனக்குச் சந்தோசம்."

"ஏலாது எண்டு சொல்லுங்கோ."

"அவர் கத்துவார்."

"கத்தட்டும்."

அக்கா போத்தலோடு வெளியே ஓடினார்.

3. க்ரவுச், பைண்ட், செட்

முதல் ஸ்க்ரம் சரிந்தது. நடுவர் க்ரவுச், பைண்ட், செட் (குனி, பிடி, முட்டு) என்று கூவித் திரும்பவும் முட்டச் சொன்னார். இரண்டாவதில் ஓரடி பின்னுக்குப் போய் நின்றேன். ஜோர்ஜியாக்காரன் என் காதுக்குள் உறுமினான். நானும் உறுமினேன். மூன்றாவதில் என் வலது கால் வழுக்கியது. எட்டுப் பேரும் கோட்டுக்குப் பின்னால் மல்லாந்தோம். நடுவர் கம்பங்களுக்கு நடுவே ஓடிப்போய்க் கையை உயர்த்தினார். ஸ்க்ரமை நாங்கள் சரித்தோம் என்று தண்டனையாகப் பெனால்டி ட்ரை, எதிரணிக்கு ஏழு புள்ளி. மூன்று புள்ளியில் தோற்றோம்.

உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் என் முன்னால் வந்து நின்றார். அவர் பேசிய ஜெர்மனைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"வருசம் முழுக்கக் கழுத்து நோகுது, கழுத்து நோகுது எண்டு என்ர உயிரை எடுத்தனி. இண்டைக்கு மட்டும் நோகேல்லையோ?"

"நோகேக்கதான் சொல்லுவன்."

"அந்த ஒப்பந்தத்தை மறந்திடு."

"மறந்திட்டன்."

மறக்கவில்லை. பேருந்தில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு பேர் என் காதில் விழும்படியே திட்டினார்கள். அந்தக் கோடையில் அரைச் சம்பளத்துக்கு ஒரு சின்னக் கழகத்துக்குப் போனேன். இன்னும் ஆறு பருவம் தள்ளினேன்.

ப்ராப்பாக வர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஸ்க்ரமுக்குள் ஒருவன் "கழுத்து!" என்று கத்தினால் பதினாறு பேரும் அந்த நொடியே தள்ளுவதை நிறுத்த வேண்டும். உண்மையா என்று யோசிக்க அங்கே நேரமில்லை. அந்தச் சின்னக் கழகத்தில் ஒருநாள் இடது கை மரத்துப்போய் நான் கத்தினேன். விசிலுக்கு முன்பே எதிரணி தள்ளுவதை விட்டது. ஒருவனும் கேள்வி கேட்கவில்லை. நாம் பொய்க்குக் கத்தினால் அடுத்த முறை ஒருவன் அரை நொடி தயங்குவான். அந்த அரை நொடியில் உடைவது நம் கழுத்தாகவும் இருக்கலாம், ஜோர்ஜியாக்காரனுடையதாகவும் இருக்கலாம்.

ஆகவே விழச் சொன்னால் விழாதீர்கள். யார் சொன்னாலும்.