ஏலக்காரனின் இடது காது

முதலில் வந்தது தலைச்சுற்று. கற்பிட்டிக் கரையில் இறால் ஏலம் கூறிக்கொண்டு நின்றவன், கூடைமேலேயே விழுந்தேன். வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மெனியர் நோய் (உட்காதில் நீர் கூடித் தலை சுற்றுவது) என்றார்கள். இரண்டு வருடம் மாத்திரை விழுங்கி, வாந்தியெடுத்து, எலும்பும் தோலுமானேன். கடைசியில் கொழும்பில் இடது காதின் சமநிலை நரம்பை (உடல் சாயாமல் நிற்க உதவுவது) வெட்டினார்கள். கேட்கும் நரம்பைத் தொடவில்லை. சத்தம் புகாத அறையில் வைத்துச் சோதித்தபோது அந்தக் காதுக்கு எல்லாம் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று என் மனைவி ஸரீனா அழுதாள்.

அடுத்த மாதம் கரைக்குப் போனேன். படகு எஞ்சின், ஐஸ் உடைக்கும் சத்தம், காகங்கள், நாற்பது வாய்கள். எல்லாம் ஒரே அளவில் காதுக்குள் விழுந்தன. முன்பு அந்த இரைச்சலுக்குள் யார் விலையைக் கூட்டினாலும் என் காது தானாகப் பிடித்துவிடும். அன்று கண்ணெதிரே நின்றவரின் குரல் மட்டுமே தெரிந்தது. அவர் விலைக்கே ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொல்லி ஏலத்தை முடித்தேன். அவர் ஸரீனாவின் தம்பி, என் மச்சான்.

அந்த இறாலைப் பிடித்து வந்த படகுக்காரன் நிஸாம் கிட்ட வந்தான். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவான்.

"நானா, பின்னால இருந்து கூட்டிக் கேட்டாங்களே. ஒங்களுக்குக் கேக்கல்லயா?"

"இல்ல."

"மச்சான்ட கொரல் மட்டும் கேக்குதாக்கும்."

சத்தம் போடாமல், கூடையைப் பார்த்தபடி சொன்னான். ஏலம் கூறிய இருபத்திரண்டு வருடத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

டொக்டரிடம் சொன்னேன்.

"மூளையில இருந்தும் காதுக்கு நரம்பு வருது. இரைச்சலைக் குறை, இந்தக் குரலை எடு எண்டு உட்காதுக்குச் சொல்ல உதவுறது அது. நாங்கள் வெட்டின நரம்போடதான் அதுவும் ஓடுது. எல்லாருக்கும் இப்பிடி வாறதில்ல. உங்கட வலது காதும் ஏற்கெனவே மந்தம்."

"திரும்ப வருமா?"

எழுதுவதை நிறுத்தினார். "வராது."

இதே அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதையும் கேட்டுவிட்டுப் போங்கள். தலைச்சுற்று நின்றுவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். தொழிலும் நின்றுவிட்டது. டொக்டர் சொன்னதை நிஸாமிடம் சொன்னேன். "சரி நானா" என்றான். நம்பினானா தெரியாது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். ஃபேன் ஓடுகிறது, வீதியில் ஆட்டோக்கள் போகின்றன. ஸரீனா சாப்பிடக் கூப்பிடுகிறாள். ஒரு தரம், இரண்டு தரம் கூப்பிடுவாளாம். எனக்குத் தெரிவதில்லை. மூன்றாம் தரம் வந்து தோளில் கை வைக்கிறாள்.

எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறாய் என்று கேட்பேன்.

"இப்பதான்" என்பாள்.

சோறு ஆறியிருக்கும்.